குளிர்காலத்துக்குக் கிழங்கு ஒப்படைக்க ஒரு நர்சரி: கொடுத்ததும் வந்ததும்

ஊட்டியில் காந்தல் பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு உறைபனியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை ஓய்ந்து வானம் தெளிந்தால் முதலில் நீர்ப்பனி. அப்புறம் ஒரு நாள் விடியலில் ஸ்கூட்டர் சீட்டை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் உட்கார முடியும். காற்றே இல்லாத தெளிந்த இரவுகளில் மேட்டுக் குளிர் சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஃபர்ன்ஹில் மேட்டில் இருக்கும் என் மச்சான் வீட்டில் பிகோனியா பூவோடு நிற்கிற அதே இரவில் எங்கள் தெருவில் இருப்பது கறுத்துக் கூழாகிவிடும்.

"வீட்டுக்குள் தூக்கி வைத்தால் போயிற்று" என்பார்கள். எங்கள் வீட்டில் தூக்கி வைக்க இரண்டே இடம். ஒன்று அடுப்படி. நாள் முழுக்கச் சூடு இருப்பதால் அங்கே கிழங்கு தூங்கவே தூங்காது, மார்கழியிலேயே வெளிறிய முளையை நீட்டிவிடும். இன்னொன்று பின்பக்கத் தகரக் கொட்டகை. குளிர் சரியாக இருக்கும், எலியும் சரியாக வரும். அதனால்தான், குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் ஒரு நர்சரியில் குளிர்காலத்துக்குப் பூங்கிழங்குகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தேன். கார்த்திகையில் கொடுத்து மாசியில் திரும்ப வாங்குவது ஏற்பாடு. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், ஒரு குடும்பம் அதை நம்பி இருக்கிறது. அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அவர்கள் பலகை கண்ணில் படாமல் போகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பெரும்பாலும் கொழுந்து வாட்டும் பிரிவில். கொழுந்தைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், ஆனாலும் கடைசியில் தராசு சொல்வதுதான் கணக்கு. எத்தனை கிலோ வந்தது, அதில் எவ்வளவு நீர் போனது என்பதுதான் வாட்டம். அந்தப் பழக்கத்தில், கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கிழங்கையும் சமையலறைத் தராசில் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் மறுபடி எடை. உறங்கும் கிழங்குக்கு ஆபத்து இரண்டு வழியில் வரும். நீர் போய்ச் சுருங்கும், இல்லையென்றால் நீர் தங்கி அழுகும். சுருக்கத்தைத் தராசு சொல்லும், அழுகலை மூக்கு சொல்லும்.

இந்தக் கடையில் முக்கியமானது பின்னால் இருக்கும் அறை. கடையை நடத்துகிற அம்மாவின் மாமனார் காலத்தில் அது விதை உருளைக்கிழங்கு வைக்கும் அறையாக இருந்ததாம். தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை மச்சு, வடக்குப் பக்கம் மட்டும் ஒரு சன்னல். சுவரோரமாக அடிச்சட்டம் போட்ட மரத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நீலகிரியில் உருளை போட்ட குடும்பங்களுக்கு இந்தத் தட்டு நன்றாகத் தெரியும். விதைக்கிழங்கை இருட்டில் குவித்து வைத்தால் வெள்ளை முளை நீளமாக ஓடி, தூக்கும்போது ஒடிந்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் ஒரே அடுக்காகப் பரப்பினால் குட்டையாக, தடிப்பாக, பச்சையாக முளை வரும்.

இன்னொன்றும் உருளை போட்டவர்களுக்குத் தெரியும். தோண்டிய கையோடு நட்டால் உருளை முளைக்காது. இரண்டு மூன்று மாதம் அதற்கென்று ஒரு உறக்கம் உண்டு, அதற்கு முன் அது எளிதில் எழாது. அந்த உறக்கம் தீர்ந்த பிறகும் முளைக்காமல் தள்ளிப்போட வேண்டுமானால் குளிர் வேண்டும். தானாக வருகிற உறக்கம் வேறு, நாம் குளிரையும் வறட்சியையும் காட்டிப் படுக்க வைப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை பூங்கிழங்கையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

சுவரில் ஒரு சாதாரண வெப்பமானி தொங்குகிறது. கொடுக்கப் போன காலையில் 12 டிகிரி, திரும்ப வாங்கப் போன மத்தியானத்தில் 15. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. இந்த நானூறு மீட்டர் இறங்கினால் இரண்டு, இரண்டரை டிகிரி கூடும். உறைபனி அரிது, சமவெளிச் சூடும் ஏறி வராது. இதே அறையை மேட்டுப்பாளையத்தில் கட்டினால் ஏசி போட்டே கட்டுப்படியாகாது.

ஆனால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று இருக்கிறதே. ஐப்பசி, கார்த்திகையில்தான் அங்கே மழை கொட்டும். அதாவது கிழங்கை உலர்த்த வேண்டிய அதே வாரங்களில் சுவரெல்லாம் ஈரம் கசியும். வெளிநாட்டுப் பாக்கெட்டில் 'தோண்டி எடுத்து, சில நாள் காற்றாட உலர்த்தவும்' என்று சாவகாசமாக அச்சடித்திருப்பான். கார்த்திகையில் குன்னூரில் பனியனே உலராது. இங்கே இரண்டு டேபிள் ஃபேனைத் தரையோரம் வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பி, மெதுவாக ஓடவிடுகிறார்கள். காற்று சுவரில் பட்டு அறை முழுக்க நகர்கிறது, கிழங்கின் மேல் நேராக அடிப்பதில்லை. நேராக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். ஃபேக்டரியில் முப்பது வயதுப் பையன்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்ட விஷயம் இது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சன்னலைத் திறந்து வெப்பேன், வந்ததும் மூடிருவேன், அவ்வளவுதாங்க" என்றார் அந்த அம்மா.

நான் கொண்டுபோன தொட்டிகளில் ஒன்று சைக்ளமன். மற்றவற்றோடு அதையும் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

"இது வேண்டாங்க சார், வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏம்மா, இதுவும் கிழங்குதானே?"

"கிழங்குதான். ஆனா இதுக்கு இப்பத்தான் பொழுது விடியுது. இப்பப் போயி படுக்க வெச்சா பூ எப்படிங்க வரும்? சித்திரை, வைகாசியில இலை பழுக்கும், அப்பக் கொண்டாங்க."

நூற்றுக்கு நூறு சரி. சைக்ளமனின் ஊர் மத்தியதரைக்கடல் பக்கம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் இந்தச் செடி கோடையில் தூங்கிக் குளிரில் விழிக்கும். நம்மிடம் வந்த பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை. அது தூங்க நினைக்கிற ஆனி, ஆடியில் ஊட்டியில் மழை, எனவே கூரைக்கடியில்தான் படுக்க வைக்க வேண்டும். பணம் வருகிறதே என்று வாங்கி இருட்டில் தள்ளாமல் திருப்பிக் கொடுத்ததால் கடையின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. வீட்டில் வடக்கு சன்னலோரம் வைத்தேன். தை கடைசி வரை பூத்தது.

என் பெரிய கவலை பிகோனியா. வாசலில் சின்னச் சின்னதாகப் பூக்கிற வகையைச் சொல்லவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா போலப் பூக்கிற கிழங்குப் பிகோனியா. மே மாத மலர்க்காட்சிக்கு வருகிறவர்கள் கண்ணாடி மாளிகையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது இதனோடுதான். இதன் மூதாதைகள் ஆண்டீஸ் மலைக்காரர்கள். குளுமை பிடிக்கும், உறைபனி ஆகாது.

இதைப் படுக்க வைப்பது பகலின் நீளம். பகல் சுமார் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் செடி பூவைக் குறைத்துக்கொண்டு கிழங்கைப் பருக்க வைக்க ஆரம்பிக்கும். ஐரோப்பாவின் வடபகுதியில் கோடைப் பகல் 16 மணி நேரத்தையும் தாண்டும், அதனால் அங்கே கோடை முழுக்கப் பூ. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி தள்ளி. ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலே முக்கால் மணி கூடிய 12 மணி நேரம்தான். மார்கழியில் பதினொன்றரை. ஆகவே புரட்டாசி முடியும்போதே நம் பிகோனியா சாப்பாட்டைக் கீழே அனுப்பத் தொடங்கிவிடுகிறது. முதல் உறைபனி விழுந்த பிறகு கவனிக்கலாம் என்று காத்திருப்பது காந்தலில் நடக்காத காரியம். கூழான தண்டிலிருந்து அழுகல் நேராகக் கிழங்குக்குள் இறங்கிவிடும். இந்தக் கடையில் புரட்டாசி நடுவிலேயே வாடிக்கையாளர்களுக்கு போனில் செய்தி அனுப்புகிறார்கள்: உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள், தொட்டியை மழைக்குள் விடாதீர்கள் என்று. பூ இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழியும் சொல்கிறார்கள். ஆவணியிலிருந்தே சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் தொட்டிக்கு மேலே ஒரு எல்இடி பல்ப் எரியவிட்டால் பகல் நீளமாக இருப்பதாகச் செடி நினைத்துக்கொள்ளும். கடை முகப்பில் தொங்கும் தொட்டிகளுக்கு அவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். ஐப்பசியிலும் பூ இருந்தது.

தொட்டியைக் கொடுத்தவுடன் கிழங்கைத் தோண்டுவதில்லை. பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். தண்டு பழுத்து, கிழங்கோடு ஒட்டும் மூட்டில் தானாகக் கழன்று விழ வேண்டும். அவசரப்பட்டுப் பிய்த்தால் கிழங்கின் தலையில் காயம் ஏற்படும், பூஞ்சை நுழைவதும் அந்த வழியாகத்தான். தண்டு விழுந்த பிறகு எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, தண்டிருந்த தழும்பில் கந்தகப் பொடியைத் தொட்டு வைத்து, காய்ந்த தென்னை நார்க்கழிவில் புதைத்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள்.

இப்போது எடை. என்னிடம் இருந்ததிலேயே பெரிய கிழங்கு, சால்மன் நிறம், 92 கிராமில் போய் 85 கிராமில் வந்தது. கையில் பிடித்தால் கெட்டி. நடுத்தரமானவையும் அந்த விகிதத்தில்தான். சின்னதுகளில்தான் இழப்பு. 18 கிராமாகப் போன ஒன்று 14 ஆக வந்தது, தோலில் சுருக்கம். கிழங்கு சிறியதாக ஆக அதன் எடைக்குத் தோல்பரப்பு அதிகம், நீர் வேகமாகப் போகும். சின்னவற்றைத் தோண்டாமல் தொட்டி மண்ணோடேயே உறங்க விட்டிருக்கலாம். இதைச் சொன்னபோது அந்த அம்மா கேட்டுக்கொண்டார். மகன்தான், எல்லாவற்றையும் மண்ணோடு வைக்க ரேக்கில் இடம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கணக்குக் கேட்டான். அவன் சொல்வதும் நியாயம்தான், ஆனால் காசு வாங்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். அழுகல் வாசனை ஒன்றில்கூட இல்லை.

கூடுதல் பணம் கொடுத்தால் முளைவிட்டுத் தருகிறார்கள். இதைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பிகோனியா விழிக்க 18 முதல் 20 டிகிரி வேண்டும். மாசியில் எங்கள் பக்கம் இரவு இன்னும் பத்துக்குக் கீழே. முளையிலிருந்து பூ வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்பதால், மே மாதம் பூ வேண்டுமானால் தையிலேயே எழுப்பியாக வேண்டும். அவர்கள் பாலிஹவுஸில், நனைந்த நார்க்கழிவின் மேல், குழிந்த பக்கம் வானம் பார்க்க வைத்து எழுப்புகிறார்கள். அந்தக் குழியில் மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது. என்னுடையவை பட்டாணி அளவு இளஞ்சிவப்பு முளையோடு வந்தன. நேராகத் தொட்டிக்கு மாற்றினேன்.

அமரில்லிஸ் விஷயத்தில் எனக்கும் கடைக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு. இந்த மலையில் அதைக் கட்டாயம் படுக்க வைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தோட்ட மண்ணில் விட்டால் இலையோடேயே இருந்து பங்குனி, சித்திரையில் தன்பாட்டுக்குப் பூக்கும். பழைய பங்களாத் தோட்டங்களில் அந்தச் சிவப்புப் பூவை யார் படுக்க வைத்தார்கள்? உறங்க வைப்பதன் லாபம் ஒன்றுதான்: நாம் சொல்கிற நேரத்துக்குப் பூக்கும். தண்ணீரை நிறுத்தி, 13 டிகிரி போல 8 முதல் 10 வாரம் கிடத்தி, பிறகு தண்ணீரும் கொஞ்சம் சூடும் காட்டினால் 6 முதல் 8 வாரத்தில் பூ. அறைக் கதவுக்குப் பின்னால் இந்தக் கணக்கைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே கொடுத்திருக்க வேண்டும். நவம்பரில் கொடுத்தால் ஈஸ்டருக்குக் கிடைக்கும். வாடிக்கையாளரில் பாதிப் பேர் நவம்பரில் கொடுத்துவிட்டு டிசம்பரில் பூ கேட்டுச் சண்டை போடுவார்களாம்.

அமரில்லிஸை அவர்கள் கையாளும் விதத்தில் மட்டும் குறையே சொல்ல முடியாது. பச்சை இலையை வெட்டுவதில்லை. பல நர்சரிகளில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இலையை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். இந்தச் செடி ஏறத்தாழ நாலு இலைக்கு ஒரு பூமொட்டை உள்ளே உருவாக்கி வைத்துக்கொள்ளும். இலை குறைந்தால் அடுத்த வருடப் பூ குறையும். இங்கே இலை பழுத்துத் தொங்கிய பிறகுதான் கத்தி. வேரையும் தொடுவதில்லை, தொட்டியோடு அப்படியே தட்டில் ஏற்றுகிறார்கள். அந்தச் சதைப்பற்றான வேர் வருடக்கணக்கில் உயிரோடு இருப்பது, அதைக் கழுவி நறுக்கினால் கிழங்கு பாதி பலத்தை வேர் விடுவதிலேயே செலவழிக்கும்.

விற்பனைக்கும் அமரில்லிஸ் வைத்திருக்கிறார்கள். இறக்குமதிக் கிழங்கு 350 ரூபாய், சுற்றளவு 26/28 சென்டிமீட்டர் என்று போட்டது. தையல் டேப்பால் நம் கண் முன்னாலேயே சுற்றி அளந்து காட்டுகிறார்கள். நாட்டுச் சிவப்பு 50 ரூபாய். நான் நாட்டுச் சிவப்பையே வாங்கச் சொல்வேன். இறக்குமதியில் நான் எடுத்த ஒன்றின் கழுத்தில் செந்நிறத் தழும்பு நீளவாக்கில் ஓடியிருந்தது. அது பூஞ்சை நோய், நாளாக ஆக இலை வளைந்து பூத்தண்டு கோணலாகும். காட்டியதும் வாக்குவாதம் எதுவும் இல்லாமல் வேறு மாற்றிக் கொடுத்தார். வாங்கும்போது மேல்தோலைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். இன்னொரு விஷயம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அமரில்லிஸ், டாஃபடில் கிழங்குகள் பார்க்கப் பெரிய வெங்காயம்தான், ஆனால் லைகோரின் என்ற நஞ்சு உள்ளவை. வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அடுப்படிக் கூடையின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

டேலியாவை இங்கே கொடுப்பது தண்டச் செலவு. ஊட்டி உறைபனி இலையையும் தண்டையும் கறுக்கடிக்குமே தவிர, மண்ணுக்குள் ஆழமாக இறங்கி உறைய வைக்காது. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, மேலே காய்ந்த புல்லைக் குவித்தால் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் ஓரம் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் ராத்திரியில் கிளறிவிட்டுப் போய்விடும், தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டினால் கொத்தாக எடுங்கள். தண்டோடு சேரும் கழுத்தில்தான் முளைக்கும் கண் இருக்கிறது. தனியாக ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. சோதனைக்காக நான் கொடுத்த கொத்து 640 கிராமில் போய் 575-ல் வந்தது. குறை இல்லை, அவசியமும் இல்லை.

கிளாடியோலஸும் கொடுத்தேன். அடியில் ஒட்டியிருந்த போன வருடத்துக் காய்ந்த கிழங்கைப் பிய்த்தெறிந்து சுத்தமாகத் தந்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இனி குறைகள்.

முதலாவது டுலிப். மகன் இதை விற்கும்போது "ஊட்டிக் குளிரே போதும் சார்" என்கிறான். போதாது. டுலிப்புக்கு 9 டிகிரிக்குக் கீழே விடாமல் 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். நமக்கு இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கினாலும் பகலில் வெயில் 20-க்கு ஏற்றிவிடுகிறது, தொட்டி மண்ணும் கூடவே சூடாகிறது. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-ல் திறந்த டுலிப் தோட்டத்துக்கு அந்த ஊர்க் குளிர்காலமே இலவசமாகக் குளிரூட்டிக் கொடுக்கிறது. இங்கே ஃப்ரிட்ஜ்தான் கதி. கடையிலும் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் வைத்துத் தர தனிக் கட்டணம். அந்த ஃப்ரிட்ஜை ஒரு நாள் திறந்து பார்த்தேன். கீழ்த்தட்டில் டுலிப், மேல்தட்டில் அவர்கள் வீட்டு ஆப்பிளும் பழுத்த வாழைப்பழமும்.

பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயு விடும். டுலிப் கிழங்கை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உள்ளே அடுத்த பருவத்துப் பூ குட்டியாக ஏற்கெனவே உருவாகி உட்கார்ந்திருக்கும். எத்திலீன் பட்டால் அந்தக் குட்டிப்பூ உள்ளேயே கருகும். வெளியே இலை மட்டும் வரும். நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான், நல்ல செழிப்பான இலை. சொன்னபோது ஃப்ரிட்ஜ் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கிழங்கு விலையைக் கொடுக்கவில்லை. ஒழுங்காகப் பூத்தவையும் மறு வருடம் இங்கே பூக்காது. கிழங்கு பொடிப்பொடியாகப் பிரிந்துவிடும். ஒரு பூவுக்கு எண்பது ரூபாயும் மூன்று மாத ஃப்ரிட்ஜ் வாடகையும் என்றால் பூங்கொத்தாகவே வாங்கிவிடலாம். வெளிநாட்டுக் கிழங்கு வளர்த்தே தீர வேண்டும் என்பவர்கள் பேப்பர்ஒயிட் நார்சிசஸ் கேளுங்கள். அதற்குக் குளிர்ப் பருவமே வேண்டாம், கூழாங்கல்லும் தண்ணீரும் போதும்.

இரண்டாவது லில்லியம். கோத்தகிரி பக்கத்துக் கொய்மலர்ப் பண்ணைகளில் மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு வாங்கி விற்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் திறந்த தட்டில், கடை முகப்பில், காய்ந்து கிடக்கிறது. லில்லியம் கிழங்குக்கு மேலே காகிதத் தோல் கிடையாது, செதில் செதிலாகத் திறந்தே இருக்கும். அது முழுசாக உலரவே கூடாது, ஈர நார்க்கழிவில்தான் வைக்க வேண்டும். பின்னறையில் அவ்வளவு நுணுக்கமாக இருப்பவர்கள் முன்னறையில் ஏன் இப்படி விட்டார்கள் என்று புரியவில்லை. செதிலை அழுத்திப் பார்த்துத் துவண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ஆறாதது. அடையாளச் சீட்டு. காகிதத்தில் பேனாவால் எழுதிப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். கார்த்திகை ஈரத்தில் பசை விட்டுப்போகிறது, மை ஊறிப்போகிறது. என் வீட்டம்மா அவருடைய அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அமரில்லிஸைக் கொடுத்தோம். திரும்பி வந்தது பங்குனியில் சிவப்பாகப் பூத்தது. கிழங்காக இருக்கும்போது வெள்ளையா சிவப்பா என்று எந்த மன்னனாலும் சொல்ல முடியாது. எடை 410 கிராம் போய் 405 வந்தபோதே எனக்கு உறுத்தியது, மற்றதெல்லாம் அதைவிட அதிகம் குறைந்திருந்தன. யார் வீட்டிலோ எங்கள் வெள்ளை பூத்திருக்கும். கடைக்காரம்மா மிகவும் வருந்தினார், நாட்டுச் சிவப்பு ஒன்று சும்மா கொடுத்தார். சிவப்பை வைத்து நாங்கள் என்ன செய்வது? வீட்டில் இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

சாதாரண பென்சிலால் எழுதினால் ஈரத்தில் அழியாது. அலுமினியத் தகட்டுத் துண்டில் பென்சிலால் அழுத்தி எழுதி, கம்பியால் தொட்டிக் கழுத்தில் கட்டிக் கொடுங்கள். கடையை நம்பாதீர்கள். அரிதான நிறம், வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது, கைமாறி வந்தது என்றால் கொடுக்கவே வேண்டாம்.

கட்டணம்: தொட்டிக்குப் பருவம் முழுக்க 80 ரூபாய், தொட்டி இல்லாத கிழங்கு ஒன்றுக்கு 15, முளைவிட்டுத் தர இன்னொரு 20. பிகோனியாவுக்கு இது மிக நியாயம், அந்த அளவு கிழங்கு புதிதாக வாங்க 200 ரூபாய்க்குக் குறையாது. காகிதப் பையிலும் பழைய துணிப்பையிலும்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள், மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் நாமும் பெட்டி கொண்டுபோவது நல்லது. ஊட்டியிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் குன்னூரில் இறங்கிக் கோத்தகிரி வண்டி மாற வேண்டும். தொட்டிகளைப் பார்த்துவிட்டு நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார், மறுப்பதில் பிரயோசனமில்லை.

இந்த வருடமும் பிகோனியாவை அங்கேதான் கொடுப்பேன். நடுத்தரமும் பெரியதும் மட்டும், சின்னதெல்லாம் மச்சான் வீட்டு மேட்டுக்குப் போகிறது. கார்த்திகை பிறந்ததும் போய்விடுங்கள், தள்ளிப்போட்டால் ரேக் நிரம்பிவிடுகிறது. ரசீது கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். எத்தனை தொட்டி என்று மட்டும் எழுதுவார்கள், எந்த நிறம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.